பெண்ணியம் வீட்டுக்குள் வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையில் பேசும் பெண்ணியம் வேறு. இங்கே இருப்பவை அடுப்படி, வங்கிக் கணக்கு, பட்டா, அலுவலகம் பற்றிய கேள்விகள். தமிழ்நாட்டில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். சொத்து பற்றிய பதில்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கானவை. மற்றவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

பெண்ணியவாதி என்றால் ஆண்களைப் பிடிக்காதவரா?

இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1989-ல். இடையில் அறுபது வருடம். அந்த அறுபது வருடமும் பேசப்பட்டது பங்கைப் பற்றித்தான், வெறுப்பைப் பற்றி அல்ல.

தாலி கட்டியிருக்கிறேன், கோயிலுக்குப் போகிறேன், சமைக்கவும் பிடிக்கும். நான் பெண்ணியவாதியா?

இருக்கலாம். ஒரே ஒரு சோதனை போதும்: நாளையிலிருந்து அதை நிறுத்துவதாகச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? "சரி" என்று விட்டுவிட்டால் அது உங்கள் விருப்பம். ஒரு வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், அம்மா வீட்டுக்கு போன் போகும், பஞ்சாயத்து கூடும் என்றால் அது விருப்பமா நிபந்தனையா என்று யோசிக்க வேண்டும். சமையலில் இதைச் சோதிப்பது இன்னும் எளிது. பிடித்துச் சமைப்பவருக்கு லீவு உண்டு.

வீட்டு வேலையில் அவரும் உதவி செய்கிறார். அது போதாதா?

2019-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம். இந்த 97-ஐ நம்பி ஏமாற வேண்டாம். அன்றைக்கு அந்த வேலையில் கை வைத்த ஆண்களே சுமார் 26 சதவீதம்தான், பெண்களில் 81 சதவீதம். 97 நிமிடம் என்பது அந்த 26 பேரின் சராசரி.

நிமிடக் கணக்கில் அகப்படாத வேலையும் உண்டு, நினைவில் வைத்திருப்பது. இட்லி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், நாலு மணி நேரம் ஊற வேண்டும், பிறகு அரைப்பு. இதில் கிரைண்டரை ஓடவிட்டு நிற்பது அரை மணி வேலை. உளுந்து தீரப்போகிறது என்று கவனிப்பது, நாளைக் காலை டிபனுக்காக இன்று மதியமே ஊறப்போடுவது, மழைக்காலம் என்றால் புளிக்க நேரமாகும் என்று முன்னதாக ஆட்டி வைப்பது, கடைசியில் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது இதெல்லாம் யார் தலையில்? "சொல்லு, செய்றேன்" என்கிற கணவர் அந்த அரை மணியைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

சரி, வேலையை எப்படிப் பிரிப்பது?

ஒரு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தை அடுப்படியில் தொங்க விடுங்கள். வேலை என்ன, யாருக்கு ஞாபகம் வந்தது, யார் செய்தார், எத்தனை நிமிடம் என்று நாலு கட்டம். இருவருமே எழுத வேண்டும். ஒருவர் மட்டும் எழுதினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். சிலிண்டர் பதிவு, பால் கணக்கு, தடுப்பூசி தேதி, பள்ளிக் கட்டணம், மாமனாரின் பிரஷர் மாத்திரை எல்லாம் அதில் வர வேண்டும்.

வாரக் கடைசியில் வேலைகளை இரண்டாகப் பாருங்கள். தள்ளிப்போட முடியாதவை ஒரு பக்கம்: காலை டிபன், குழந்தையைக் கிளப்புவது, இரவுப் பாத்திரம். தள்ளிப்போடக்கூடியவை மறுபக்கம்: வண்டி கழுவுவது, ஒட்டடை, மின்கட்டணம். பல வீடுகளில் "பாதிப் பாதி" என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது பட்டியல் முழுவதும் ஆணுக்கும் முதலாவது முழுவதும் பெண்ணுக்கும் போகிறது. வேலைக்குப் போகும் பெண்ணைத் தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்கு ஓட வைப்பது அந்த முதல் பட்டியல்தான். எனவே அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு வேலையைக் கொடுத்தால் முழுசாகக் கொடுங்கள். மாவு என்றால் உளுந்து வாங்குவதிலிருந்து கல் கழுவுவது வரை.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் முதல் மாதத்திலேயே கவிழும், அதுவும் ஒரே காரணத்தால்: அவர் செய்ததை நீங்கள் மறுபடி செய்வது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சாம்பார் தண்ணீராக இருக்கும். மறுபடி கழுவினால் வேலை உங்களிடமே திரும்பி வந்துவிடும். குறைந்தபட்ச அளவை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: இரவு படுக்கும்போது சிங்க் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாமியார் "எம்புள்ளைய பாத்திரம் தேய்க்க விட்டுட்டா" என்று சொன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மருமகள் அல்ல, மகன்.

வேலைக்கு அக்கா வைத்துக்கொண்டால் தீர்ந்தது இல்லையா?

உங்கள் வீட்டில் தீரும், அவர் வீட்டில் தீராது. உங்கள் நேரம் மிச்சமாவது இன்னொரு பெண்ணின் உழைப்பால்தான். ஆகவே வாரம் ஒரு நாள் விடுப்பு, காய்ச்சலில் படுத்தால் சம்பளப் பிடித்தம் இல்லாமை, வருடத்துக்கு ஒருமுறை சம்பள உயர்வு, தீபாவளி அல்லது பொங்கலுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்று முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். தனி டம்ளர் வைக்கும் வீட்டில் பெண்ணியம் பேசுவது கொஞ்சம் கூச்சமான விஷயம்.

சம்பாதிக்கிறேன். ஆனால் பணம் என் கையில் இல்லை. என்ன பார்க்க வேண்டும்?

முதலில் செல்பேசி எண். கணக்கு உங்கள் பெயரில் இருந்து, வங்கியில் பதிந்த எண் கணவருடையதாக இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். நடைமுறையில் கணக்கு அவருடையது. கிளைக்கு நேரில் போய் எண்ணை மாற்றுங்கள். ஆதாரில் பதிந்த எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையா என்று கையோடு பாருங்கள்.

இரண்டாவது, வீட்டுக் கடன். கடனில் மனைவியின் பெயர் கூட்டு விண்ணப்பதாரராக இருக்கும், கிரயப் பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் இருக்கும். இந்த நிலையில் கடனைக் கட்டும் பொறுப்பு இருவருக்கும் உண்டு, வீடு ஒருவருக்குத்தான். உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து தவணை போகிறது என்பதாலேயே வீட்டில் பங்கு வந்துவிடாது. கிரயம் பதிவதற்கு முன்பே இரண்டு பெயரும் பத்திரத்தில் ஏற வேண்டும். பதிந்த பிறகு பெயர் சேர்க்க இன்னொரு பத்திரம், இன்னொரு கட்டணம். 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, நாமினி. நாமினி என்றால் வாரிசு என்று பலர் நினைக்கிறார்கள். வங்கியைப் பொறுத்தவரை பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள்தான் நாமினி. பணம் யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ முடிவு செய்யும்.

நான் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் எனக்கு என்ன உரிமை?

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்கும்போது குடும்பத்தை நடத்திய மனைவியின் உழைப்பும் சொத்து வாங்குவதில் பங்களிப்புதான் என்று சொல்லி, அந்தச் சொத்தில் அவருக்குச் சம பங்கு கொடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் இது சட்டப்பிரிவு அல்ல. மண வாழ்க்கையில் சேர்த்த சொத்து தானாகவே பாதிப் பாதி என்று இந்தியாவில் சட்டம் இல்லை. அதனால் தீர்ப்பை நம்பி உட்காராமல், வாங்கும்போதே பெயரைச் சேர்ப்பதுதான் வழி.

புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய்தால் செல்லுமா?

செல்லும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு தமிழ்நாட்டுக்காகச் சேர்க்கப்பட்டது. உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம், அல்லது தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று போதும். ஊரைக் கூட்ட வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவரும் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் வர வேண்டும். வேறு வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள்.

தவறு நடப்பது பதிவில். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். போட்டோவும் பத்திரிகையும் இருக்கிறதே என்று விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டுக்கோ வழக்குக்கோ சான்றிதழ் கேட்கும்போது சாட்சிகளைத் தேடி அலைவார்கள்.

வரதட்சணை கேட்கவில்லை, "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்றார்கள். இது சரியா?

கேட்கும் விதம் மட்டும்தான் மாறியிருக்கிறது. பெற்றோர் மகளுக்கு மனமுவந்து தருவது வேறு. அப்படித் தந்தால் அது மகளின் பெயரில், மகளின் கையில் இருக்க வேண்டும். நகைக் கடை ரசீது மணப்பெண் பெயரில், லாக்கர் அவர் பெயரில், வண்டி என்றால் பதிவுப் புத்தகம் அவர் பெயரில். கொடுத்த பொருட்களுக்குப் பட்டியல் எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டின் விதிகளே சொல்கின்றன. யாரும் எழுதுவதில்லை. பிறகு நகை மீட்பு வழக்கில் எத்தனை சவரன் என்று நிரூபிக்க கல்யாண ஆல்பத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

"சீர் செய்தாச்சு, அதனால் சொத்தில் பங்கு கிடையாது" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அப்பா சொத்தில் எனக்கு எவ்வளவு?

முதலில் அது எந்தச் சொத்து என்று பாருங்கள். அப்பா சம்பாதித்தது என்றால் அவர் உயிரோடு இருக்கும்வரை மகனுக்கும் உரிமை இல்லை, மகளுக்கும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவைப் பெற்ற அம்மா உயிரோடு இருந்தால் அவர், எல்லோருக்கும் சம பங்கு. பாட்டியை மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் மகள் பிறப்பாலேயே பங்காளி. தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் இதைக் கொடுத்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமான மகள்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது.

கணக்கு இப்படி வரும். அப்பா, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்றால் பூர்வீகச் சொத்து நாலு பங்கு. அப்பா உயில் இல்லாமல் இறந்தால், பாட்டியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம், அவருடைய கால் பங்கு அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நாலாகப் பிரியும். முழுச் சொத்தை 16 பாகமாக வைத்தால் பிள்ளைகளுக்குத் தலைக்கு 5, அம்மாவுக்கு 1. அம்மாவின் பங்கு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். மகளுக்குக் கிடைத்த வெற்றியை மட்டும் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

"தாத்தா சொத்து" எல்லாமே பூர்வீகம் என்பதும் தவறு. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, அது அப்பாவுக்கு வந்திருந்தால் அது அப்பாவின் தனிச் சொத்து. அதில் பேரனுக்கும் பேத்திக்கும் பிறப்புரிமை கிடையாது.

அண்ணன் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

விடுதலைப் பத்திரம் என்றால் சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பது. போடுவதும் போடாததும் உங்கள் முடிவு. ஆனால் எதை விடுகிறீர்கள் என்று தெரிந்துதான் போட வேண்டும். பெரும்பாலும் கருமாதி முடிந்த கையோடு, எல்லோரும் ஊரில் இருக்கும்போது, "சும்மா ஒரு கையெழுத்து" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போவார்கள். அன்றைக்குப் போகாதீர்கள். முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று பாருங்கள். பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். கல்யாணமான மகள்களை விட்டுவிட்டு வாங்குவது உண்டு. விடுபட்டிருந்தால் வட்டாட்சியரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பணம் பெற்றுக்கொண்டு விடுவதானால் தொகை பத்திரத்தில் இருக்க வேண்டும், வங்கி வழியாக வர வேண்டும். "பிறகு தருகிறேன்" என்ற பேச்சு பத்திரத்தில் ஏறாது. சொத்து விவரப் பட்டியலை வரி விடாமல் படியுங்கள். வீட்டை விடுவதாகச் சொல்லி வயலையும் சேர்த்து எழுதியிருக்கும். பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் இன்னும் எச்சரிக்கை தேவை, உங்கள் பங்கை விற்கும் அதிகாரமே அதில் இருக்கலாம். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட, ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு.

இந்தக் கையெழுத்தை மறுத்தால் பிறந்த வீடு போய்விடும் என்ற பயம் நிஜமானது. பல பெண்கள் பங்கைவிட அண்ணனின் உறவு முக்கியம் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. உறவுக்கு விலையாகச் சொத்தைக் கேட்பது தங்கையிடம் மட்டும் ஏன், தம்பியிடம் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்களுக்கு?

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மகன், மகள் எல்லோருக்கும் சமம். முஸ்லிம் தனிச் சட்டத்தில் மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு. இலங்கையின் யாழ்ப்பாணத்தில், அங்குள்ள தமிழர்களின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களின் நிலை வேறு. அங்கே சீதனம் பெண்ணின் பெயரிலேயே வரும். ஆனால் 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிலத்தை விற்க அவர் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற வேண்டும்.

எனக்குக் குழந்தை இல்லை. நான் உயில் எழுத வேண்டுமா?

கட்டாயம். இந்து வாரிசுரிமைச் சட்டம் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி. பெண்ணுக்கானது 15-ஆம் பிரிவு. பிள்ளையும் கணவரும் இல்லாத பெண், தான் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், அது முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தந்தை அதற்குப் பிறகுதான். புகுந்த வீட்டார் விரட்டிய விதவையை அம்மா வீட்டில் வைத்துப் படிக்க வைத்து, வேலைக்குப் போன பிறகு அவர் இறந்த வழக்கிலும் 2009-ல் தீர்ப்பு இப்படித்தான் வந்தது. பெற்றோரிடமிருந்து வந்த சொத்து மட்டும் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

உயிலுக்கு வெள்ளைத் தாள் போதும், முத்திரைத் தாள் வேண்டாம். தேதி போட்டு, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உங்களைவிட வயதில் சிறியவர்கள் சாட்சியாக இருந்தால் நல்லது. பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் பிற்பாடு சச்சரவு குறையும்.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்ற வேண்டுமா?

எந்தச் சட்டமும் கேட்கவில்லை. மாற்றினால் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ஆதாரில் கணவரின் எழுத்து, பான் அட்டையில் வேறு ஒன்று என்று ஆகி, வருங்கால வைப்பு நிதி எடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். குழந்தைக்கு அம்மாவின் இனிஷியலும் போடலாம். 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும்.

அலுவலகத்தில் ஒருவர் தொந்தரவு செய்கிறார். எங்கே சொல்வது?

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்துப் பேருக்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது மூன்று மாதம் வரை விடுப்போ இடமாற்றமோ கேட்கலாம்.

புகார் தோற்பதற்கு முக்கியக் காரணம் தாமதமும் தேதி இல்லாமையும். ஒவ்வொரு சம்பவத்தையும் நாள், நேரம், இடம், யார் இருந்தார்கள் என்று அன்றே எழுதி, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். அலுவலக மின்னஞ்சல் வேண்டாம், வேலையை விட்டால் அதுவும் போய்விடும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

பெண்ணியம் பேசுகிறோம், ஆனால் சாதிக்குள்தான் சம்பந்தம் பார்க்கிறோம். முரண்பாடு இல்லையா?

முரண்பாடுதான். சாதி நீடிக்க ஒரே வழி, பெண் யாரைக் கட்டுகிறாள் என்பதைக் கட்டுப்படுத்துவது. மகளின் போனைச் சோதிப்பதும், அவள் கல்லூரியிலிருந்து எத்தனை மணிக்கு வந்தாள் என்று பார்ப்பதும் அதற்காகத்தான். சாதி மாறிக் கட்டி மிரட்டலுக்கு ஆளாகும் தம்பதிக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்புப் பிரிவு வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுக்கும்போது திருமணச் சான்று, வயதுச் சான்று, மிரட்டல் பற்றிய விவரம் மூன்றும் சேர்த்துக் கொடுங்கள்.

வீட்டில் அடிக்கிறார்கள். வீடு மாமனார் பெயரில். வெளியே போ என்றால் போக வேண்டுமா?

வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைத் தருகிறது. வீடு கணவரின் பெற்றோர் பெயரில் இருந்தாலும் இது பொருந்தலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது தங்கும் உரிமை, சொத்தில் பங்கு அல்ல. அடிப்பது மட்டுமல்ல, பணம் தராமல் வைப்பதும் தொடர்ந்து அவமானப்படுத்துவதும் வன்முறையில் அடங்கும். மனைவி மட்டுமல்ல, அம்மா, தங்கை, சேர்ந்து வாழும் துணையும் புகார் கொடுக்கலாம். 181-ஐ அழையுங்கள், உடனடி ஆபத்தென்றால் 112. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் அறிக்கை தயாரித்து நீதித்துறை நடுவரிடம் கொடுப்பார்.

அடிபட்டால் அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி அடிபட்டது என்று மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிப் பதிய வையுங்கள். "மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொன்னால் அதுதான் ஏட்டில் ஏறும், ஆறு மாதம் கழித்து அதையே எதிர்த் தரப்பு காட்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

பெண்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100-க்கும் அழைக்கலாம். போகும்போது ஆதார், திருமணச் சான்று, சொத்து வழக்கென்றால் வில்லங்கச் சான்றும் வாரிசுச் சான்றும், வன்முறை என்றால் மருத்துவச் சீட்டும் எடுத்துப் போங்கள். அசலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். ஒதுக்கப்பட்ட வக்கீல் வாய்தாவுக்கு வருவதில்லை என்றால் அதே அலுவலகத்தில் மனு கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம்.